ஆட்குறைப்பும் கர்ப்பிணிப் பணியாளரும்: வணிகர்கள் சிந்திக்க வேண்டும்



சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, மளிகைக் கடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். கடையில பன்னிரண்டு பேர் இருக்காங்க. வியாபாரம் முன்ன மாதிரி இல்ல. ரெண்டு பேரக் குறைச்சாத்தான் கட்டும். பில் போடுற பொண்ணு ஒண்ணு ஆறு மாசமா இருக்கு. எப்படியும் ரெண்டு மாசத்துல நிக்கத்தான் போகுது. இப்பவே கணக்க முடிச்சு அனுப்பிட்டா என்ன?"

அவர் கெட்ட மனிதர் அல்லர். நாற்பது ஆண்டுகளாகத் தராசைச் சரியாகப் பிடித்தவர். செல்போனில் சொன்னால் பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் சரக்கு இறக்கும் நிறுவனங்களோடு போட்டி போட்டு, கடை வாடகையும் மின் கட்டணமும் கட்டிவிட்டு மிச்சம் பார்க்க வேண்டிய நிலையில் இருப்பவர். ஆளைக் குறைப்பது என்று முடிவு செய்தபின், "யார் எப்படியும் போகப் போகிறார்களோ அவர்களை முதலில் அனுப்புவோம்" என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அந்த இயல்பான எண்ணம் சட்டப்படியும் தவறு, கணக்குப்படியும் தவறு, தர்மப்படியும் தவறு என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுதுகிறோம்.

பிறருக்குப் புத்தி சொல்லும் முன் நம் முதுகையும் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நாமே இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறோம். பருப்பு, மிளகாய் பொட்டலம் போடும் பகுதியில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த பெண். ஏழாவது மாதத்தில் ஒரு மாதச் சம்பளமும், ஒரு புடவையும், தட்டில் பழமும் வைத்துக் கொடுத்து, "நல்லபடியா பெத்துப் பொழைம்மா" என்று அனுப்பிவைத்தோம். பெரிய தர்மம் செய்துவிட்டதாகவே நினைத்திருந்தோம். இரண்டு ஆண்டு கழித்து அதே பெண் இடுப்பில் குழந்தையோடு நம் கடைக்கே சரக்கு வாங்க வந்தார். நலம் விசாரித்தோம். கோபமில்லாமல்தான் சொன்னார்: "பிரசவத்துக்கு வட்டிக்கு வாங்கினோம் அண்ணாச்சி. அத அடைக்கத் தோட்ட வித்தோம். அப்ப இன்னும் ரெண்டு மாசச் சம்பளம் இருந்திருந்தா தோடு தப்பியிருக்கும்." காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அவருக்கு நாம் கொடுத்தது தர்மம் அன்று, அவருக்குச் சேர வேண்டியதில் ஒரு சிறு பகுதி மட்டுமே என்பது அதற்குப் பிறகு ஆடிட்டரைக் கேட்டபோதுதான் புரிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மகப்பேறு நலச் சட்டம் 1961-இல் வந்தது. 2017-இல் அது திருத்தப்பட்டு, சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. இப்போது அந்தச் சட்டம் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் தொகுப்புச் சட்டமே நடைமுறையில் உள்ளது. பெயர் மாறியதே தவிர, பெண்ணுக்குரிய உரிமைகளின் சாரம் மாறவில்லை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடைக்கு இது பொருந்தும். ஒருமுறை பத்துப் பேர் என்ற எல்லைக்குள் வந்துவிட்டால், பிறகு ஆள் குறைந்து எட்டுப் பேர் ஆனாலும் சட்டம் நம்மை விடாது. ஆகவே, "ரெண்டு பேரக் குறைச்சா சட்டத்துலேருந்து தப்பிக்கலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரசவ நாளுக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், அந்தப் பெண்ணுக்கு உரிமை வந்துவிடும். மொத்தம் 26 வாரம். அதில் அதிகபட்சம் எட்டு வாரத்தைப் பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 26 வாரம் 12 வாரமாகக் குறையுமே தவிர, அடியோடு இல்லையென்று ஆகாது. கரு கலைந்துபோனாலும் ஆறு வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. மருத்துவ வசதியை நாம் இலவசமாகச் செய்து தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸ் தனியே தர வேண்டும். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான சான்று காட்டியவுடன் முன்னதாகவே கொடுக்க வேண்டும். மீதியைப் பிரசவமான சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வாரம் என்றால் ஆறு நாளா, ஏழு நாளா? இந்தக் கேள்வி நம் கோயம்புத்தூரிலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை போனது. தோட்டத் தொழிலாளியான பெண் ஒருவரின் வழக்கு அது. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து வாரத்துக்கு ஏழு நாளாகவே கணக்கிட வேண்டும் என்று 1977-இல் தீர்ப்பு வந்தது. "தினக்கூலிதானே, நிரந்தரமில்லையே" என்ற வாதமும் நிற்காது. டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோலில் வேலை பார்த்த பெண்களின் வழக்கில், தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிறுத்திவிட்டால் கணக்கு முடிந்துவிடுமா?

முடியாது. நம்மில் பலர் அறியாத இடம் இதுதான். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை, அந்த விடுப்பைக் காரணம் காட்டியோ, அந்த விடுப்புக் காலத்திலோ வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். விடுப்பில் இருக்கும்போது அவருக்குப் பாதகமாக வேலை நிபந்தனைகளை மாற்றுவதும் கூடாது. அதற்கு முன்பே, கர்ப்ப காலத்தில் எப்போது நீக்கினாலும், நீக்காமல் இருந்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்குமோ அந்த மகப்பேற்றுப் பணமும் மருத்துவ போனஸும் அவருக்குச் சேர்ந்தே ஆக வேண்டும். பெரிய ஒழுங்கீனம் செய்தவர் என்றால் மட்டுமே விலக்கு. வியாபாரம் குறைந்தது அந்தப் பெண்ணின் ஒழுங்கீனம் ஆகாது.

"ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது" என்றும் தப்ப முடியாது. டெல்லியில் ஒப்பந்தத்தில் பணிபுரிந்த பெண் மருத்துவர் ஒருவர் 2017 ஜூன் மாதம் முதல் மகப்பேறு விடுப்புக் கேட்டார். அவருடைய ஒப்பந்தம் அடுத்த சில நாட்களிலேயே முடிவதாக இருந்தது. முடிந்தபின் எதுவும் தர இயலாது என்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் 26 வாரத்துக்கான பலனை முழுமையாகத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று.

ஆகவே, நம் நண்பர் அந்தப் பில் போடும் பெண்ணை நிறுத்தினால் சம்பளம் மிச்சமாகும் என்று நினைத்தது வெறும் மனக்கணக்கு. கடையில் ஓர் ஆள் குறைவார், கொடுக்க வேண்டிய பணம் அப்படியே இருக்கும். அந்தப் பெண் தொழிலாளர் துறையில் ஒரு மனு கொடுத்தால் விசாரணை, அலைச்சல், அபராதம், சிறைத் தண்டனை வரை போகச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆளைக் குறைத்தே ஆக வேண்டுமானால்?

ஆட்குறைப்பே செய்யக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. முறையாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறது. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரைக் குறைப்பதானால் ஒரு மாத முன்னறிவிப்பு எழுத்தில் தர வேண்டும், அல்லது ஒரு மாதச் சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் ஈட்டுத்தொகையாகத் தர வேண்டும். ஒரே வகை வேலையில் பலர் இருந்தால், கடைசியாகச் சேர்ந்தவரே முதலில் குறைக்கப்பட வேண்டும் என்பது பொது விதி. கர்ப்பமாக இருப்பவர் முதலில் போக வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

நமது 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் உண்டு. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது. "வயித்துப் பிள்ளக்காரி, மூட்டை தூக்க முடியாது, நாள் முழுக்க நிக்க முடியாது" என்பது நியாயமான காரணம் ஆகாது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே, அவர் கேட்டுக்கொண்டால், கடினமான வேலையோ நெடுநேரம் நிற்கும் வேலையோ தரக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. 2021-இல் நம் தமிழகச் சட்டமன்றம் கடைப் பணியாளர் எல்லோருக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தது. கல்லாவில் நமக்கு நாற்காலி இருப்பதுபோல் பில் போடுபவருக்கும் ஒரு ஸ்டூல் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இ.எஸ்.ஐ. கணக்கைப் பாருங்கள்

நம் நண்பரிடம் அடுத்து ஒன்று கேட்டோம்: "இ.எஸ்.ஐ.ல எத்தன பேரு?" சற்றுத் தயங்கி, "ஆறு பேருக்குத்தான் கட்டுறோம் அண்ணாச்சி. அந்தப் பொண்ணு பேரு அதுல இல்ல" என்றார். உண்மையான பிரச்சினை அங்கேதான் இருந்தது.

பத்துப் பேர் வேலை செய்யும் கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருக்கும் இ.எஸ்.ஐ. கட்டாயம். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு நூற்றுக்கு 3.25 ரூபாய், தொழிலாளியின் பங்கு 75 காசு. சந்தா முறையாகக் கட்டி வந்திருந்தால், 26 வாரச் சம்பளத்தையும் இ.எஸ்.ஐ. கழகமே அந்தப் பெண்ணுக்கு நேரடியாகக் கொடுத்துவிடும். முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. நாம் தனியே ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 400 ரூபாய், மாதம் 12,000 ரூபாய் வாங்கும் பெண் என்று வைத்துக்கொள்வோம். இ.எஸ்.ஐ. இல்லையென்றால் 26 வாரத்துக்கு, அதாவது 182 நாளுக்கு, நம் கல்லாவிலிருந்து 72,800 ரூபாய் போகும். இ.எஸ்.ஐ. இருந்தால் அவருக்காக நாம் கட்டுவது மாதம் 390 ரூபாய், ஆண்டுக்கு 4,680 ரூபாய். பன்னிரண்டு பேருக்கும் இதே சம்பளம் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 56,160 ரூபாய்தான். அதில் எல்லோருடைய மருத்துவமும், நோய்க்கால உதவியும், விபத்து உதவியும் அடங்கிவிடுகின்றன. ஒரே ஒரு பிரசவத்துக்கு நாமே கொடுக்கும் தொகையைவிட, கடை முழுவதற்கும் ஓராண்டுச் சந்தா குறைவு.

பாதிப் பேரை மட்டும் காட்டி மிச்சம் பிடிப்பதாக நினைப்பவர்கள், நடப்பில் அந்தப் பாரத்தைத் தங்கள் தலையில் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள். பெயரைச் சேர்க்காததால் ஒருவருக்குப் பலன் கிடைக்காமல் போனால், அதற்கான தொகையைக் கழகம் முதலாளியிடம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. ஆறாவது மாதத்தில் ஓடிப்போய்ப் பெயர் சேர்ப்பது தீப்பிடித்த பிறகு குடோனுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது போலத்தான். வேலைக்குச் சேரும் நாளிலேயே சேர்க்க வேண்டும்.

பத்துப் பேருக்குக் குறைந்த கடைகள்

நம் உறுப்பினர்களில் பெரும்பாலோர் இரண்டு பேர், நான்கு பேர் வைத்துக் கடை நடத்துபவர்கள். அவர்களுக்கு 26 வாரச் சட்டம் பொருந்தாது. அதனால் மனச்சாட்சியும் பொருந்தாது என்று ஆகிவிடுமா?

நான்கு பேர் உள்ள கடைக்காரர் ஆறு மாதச் சம்பளத்தைக் கொடுத்துத் தாங்க முடியாது என்பது நமக்கும் தெரியும். முடிந்ததைச் செய்யலாம். வேலையிலிருந்து நீக்காமல், இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை விடுப்பு, திரும்பி வந்தால் இதே வேலை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அதற்குக் காசு செலவில்லை. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியம் அந்தப் பெண்ணுக்குப் பெரிய பலம். ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தை, பின்னால் பிடித்துக்கொள்ளும் முன்பணமாக இல்லாமல் உதவியாகவே கொடுக்கலாம். மாதாமாதம் வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பைக் கொள்முதல் விலைக்குத் தரலாம்.

அரசின் உதவியையும் எடுத்துச் சொல்லலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருளும் சேர்த்து 18,000 ரூபாய் அளவுக்கு உதவி உண்டு. கர்ப்பம் உறுதியானவுடன், பன்னிரண்டு வாரத்துக்குள் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துகொள்ள வேண்டும். "பதிஞ்சாச்சாம்மா?" என்று காலத்தில் கேட்பது ஒரு முதலாளி செய்யக்கூடிய உதவிதான்.

நம் பக்கத்து நியாயம்

வணிகர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. பிள்ளை பிறப்பது சமுதாயம் முழுவதற்குமான காரியம். அதன் செலவை ஒரு தனிக் கடைக்காரர் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? இது புதிய கேள்வியும் அன்று. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேறு மசோதா வந்தபோது அதை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், இந்தப் பாரத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்க வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் அரசு ஏற்காத நிலையில் அந்தப் பெண்ணை வெறுங்கையோடு விட முடியாது, அவள் உழைப்பால் பயன்பெறும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பதே அவர் வாதம்.

2017-இல் 12 வாரத்தை 26 ஆக்கியபோது மத்திய அரசு தன் பங்காக எதையும் வைக்கவில்லை. 2018-இல், 15,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் பெண்களுக்காக ஏழு வாரச் சம்பளத்தை முதலாளிக்குத் திருப்பித் தரும் யோசனை ஒன்றைத் தொழிலாளர் அமைச்சகம் வெளியிட்டது. அது நம் கடை வாசல் வரை வந்து சேரவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கடைகளும் சுலபமாக இ.எஸ்.ஐ.யில் சேர்ந்து பயன்பெற வழி செய்யக் கேட்க வேண்டும். இதற்காகச் சங்கம் தீர்மானம் போட்டு மனு கொடுக்கட்டும். முதல் கையெழுத்தை நாம் போடுகிறோம்.

ஆனால் அரசிடம் கேட்க வேண்டியதை, ஏழு மாதக் கர்ப்பிணியிடம் பிடித்தம் செய்யக் கூடாது. "இவ்வளவு தொல்லை என்றால் பெண்களையே வேலைக்கு வைக்க வேண்டாம்" என்று சிலர் சொல்வதும் கேட்கிறது. பில் போடுவதிலும், பொட்டலம் கட்டுவதிலும், வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவதிலும் பெண்கள் இல்லாமல் எத்தனை கடை நடக்கும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். வேலை தெரிந்த ஒருவரை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவருக்குச் சரக்கின் பெயரும் விலையும் பழக்க எத்தனை மாதம் பிடிக்கும் என்பதும் நமக்குத் தெரியாததா?

ஆகவே உறுப்பினர்கள் உடனே செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, கடையில் எத்தனை பேர், இ.எஸ்.ஐ.யில் எத்தனை பேர் என்று இந்த வாரமே பேரேட்டை எடுத்துச் சரிபாருங்கள். விடுபட்டவர்களை ஆடிட்டரைக் கலந்து சேர்த்துவிடுங்கள். இரண்டாவது, கர்ப்பமாக இருக்கும் பணியாளரிடம் நீங்களே கேட்டு, விடுப்பு எப்போது, பணம் எவ்வளவு, திரும்பி வருவது எப்போது என்பதை எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது, ஆளைக் குறைத்தே தீர வேண்டுமானால், சேர்ந்த தேதி வாரியாகப் பட்டியல் போடுங்கள். யார் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று பார்த்துப் போடாதீர்கள்.

நம் நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்ப அந்தப் பொண்ணுக்கு ஆறு மாசச் சம்பளம் நான்தான் குடுக்கணும், இல்லையா அண்ணாச்சி?" என்றார். ஆமாம் என்றோம். "தவணையா இல்லாம சட்டப்படியே குடுத்துடுறேன். மத்த ஆறு பேரையும் இ.எஸ்.ஐ.ல சேத்துடுறேன். இனிமே இந்தத் தப்பு வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு பேரைக் குறைப்பதா, ஒருவரைக் குறைப்பதா என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. அந்தக் கஷ்டம் அவரைவிட்டுப் போய்விடவும் இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பில் போடும் பெண்ணின் பெயர் இப்போது இல்லை.

நாம் அன்று அனுப்பிவைத்த பெண்ணின் தோட்டை இனி மீட்டுக் கொடுக்க முடியாது. இன்னொரு பெண்ணின் தோடு போகாமல் பார்த்துக்கொள்ள நம் ஒவ்வொருவராலும் முடியும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.